வராந்தா வரிசைக்குப் பால்

என் வீட்டுக்காரர் பிழைக்க மாட்டார் என்று முதலில் சொன்னது அவருடைய ரத்தம். அதற்குப் பிறகுதான் டாக்டர் சொன்னார், மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் சொன்னார், லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது எச்சில் சட்டி கழுவுகிற வேலை இருந்தது.

மலாயாவில், உலு திராமிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் சாலை முடிகிற இடத்தில் எங்கள் ஆஸ்பத்திரி. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். பலகைச் சுவர், தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு நீள வார்டு, பெண்களுக்கு ஒரு குட்டை வார்டு. நான் மரம் வெட்டும் வேலைக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க வந்தவள். வாய் நீளம் என்று கங்காணி துரையிடம் சொல்லி என்னை ஆஸ்பத்திரி ஆயாவாக மாற்றிவிட்டார். படுத்துக் கிடக்கிறவன் எதிர்த்துப் பேச மாட்டான், இவள் அங்கே போய்ப் பேசட்டும் என்பது அவருடைய யோசனை. ஒரு விதத்தில் நல்ல யோசனைதான். விடியும் முன் எழுந்து கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடுகிற வேலை மிச்சமானது.

ஐரோப்பாவில் சண்டை ஓய்கிற சமயம், மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. இன்புளுவன்சா என்று டிரெஸ்ஸர் பெயர் சொன்னார். எங்களுக்குக் காய்ச்சல் புதிதில்லை. மலேரியாவோடு குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். குளிர் வந்தால் போர்த்திக்கொள்வோம், விட்டால் வேலைக்குப் போவோம். இது அப்படியில்லை. காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவனை மத்தியானம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாய்ந்தது. இருமினால் ரத்தம் வந்தது. கிழடு தட்டியவர்களை விட்டுவிட்டுத் திடமான ஆட்களாகப் பார்த்துப் பிடித்தது. வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தோம், பாய் போதாமல் சாக்கு விரித்தோம்.

பெரிய டாக்டர் வழக்கமாக ஜொகூர் பாருவிலிருந்து எப்போதாவது வந்து போகிறவர். இந்த முறை பெட்டியோடு வந்து தங்கிவிட்டார். வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார். அவருடைய தமிழில் வா, போ, நாக்கு நீட்டு, மூச்சு இழு என்று கட்டளைகள் மட்டும்தான் இருந்தன. "எப்படி இருக்கே?" என்று கேட்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நாட்களில் யாரும் நல்ல பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. அதை ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்து, வெளிச்சம் இருக்கிற வரை அதன் மேல் குனிந்தே இருந்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவர் விரலிலும் ஊசி குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சி, ஏதோ மருந்துத் தண்ணீர் கலந்து குலுக்கி, கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு எண்ணுவார். எண்ணும்போது உதடு அசையும். நடுவில் யாராவது சட்டியைக் கீழே போட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். சட்டிகள் எல்லாம் என் பொறுப்பு என்பதால் அந்த நேரத்தில் நான் விரல் நுனியில் நடந்தேன்.

மலேரியாவுக்கு ரத்தம் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். இதில் எண்ண என்ன இருக்கிறது என்று டிரெஸ்ஸரிடம் கேட்டேன். அவர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி.

"வெள்ளை அணு எண்ணுறாரு. ரத்தத்துல செவப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. வெள்ளைதான் நோயோட சண்ட போடும்" என்றார்.

"நம்ம ரத்தத்துலயா வெள்ள?"

"எல்லார் ரத்தத்துலயும்தான். வேற சளிக்காய்ச்சல்னா அது கூடும். இந்தக் காய்ச்சல்ல கொறையுது. ரொம்பக் கொறஞ்சவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டினா தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் நெனைக்கிறாரு."

"அப்ப யாரு போவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. சந்தேகப்படலாம்."

"சந்தேகம் வந்தா என்னா மருந்து?"

டிரெஸ்ஸர் திரும்பி மருந்து அலமாரியைப் பார்த்தார். மலேரியாவுக்குக் கொய்னா இருந்தது, ஆஸ்பிரின் இருந்தது, இருமலுக்கு ஒரு கறுப்புத் தண்ணீர் இருந்தது.

"பால்" என்றார்.

டாக்டரின் ஏற்பாடு இதுதான். வெள்ளை அணு ரொம்பக் குறைந்தவர்களைக் காற்றோட்டமாக வராந்தாப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கைவசம் இருக்கிற டின் பாலை எல்லாருக்கும் பங்கு போடாமல் அவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். எழுந்து குடிக்கத் தெம்பில்லாதவர்கள் என்பதால் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆள் போதாது, பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஆகவே சொந்தக்காரர்களை வரவழைத்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் பால் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

மருத்துவ முறையில் இதில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் சனங்களில் படுத்திருக்கிறவனைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூடி, ஒருவர் மாற்றி ஒருவராக வாயில் பால் விடுவது ஒரே ஒரு சமயத்தில்தான். உயிர் போகிற சமயத்தில்.

முதலில் வராந்தாவுக்குப் போனவர் மேட்டு லயத்து ஆள் ஒருவர். நல்ல உடம்பு. அவர் பெண்சாதியையும் தம்பிமார்களையும் ஆள் விட்டுக் கூப்பிட்டோம். என்ன விஷயம் என்று கேட்டார்கள். "பால் குடுக்கணுமாம், டாக்டர் சொன்னாரு" என்றேன். அந்தப் பெண் அங்கேயே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பிகளில் ஒருவன் தப்படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஓடினான். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து இதையெல்லாம் பார்த்தார்.

"எனக்கா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். யார் ஸ்பூனைக் கொண்டுபோனாலும் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். தப்படிக்கிறவர்கள் முதல் நாளே வந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்ததால் காரியம் தாமதமில்லாமல் நடந்தது.

அடுத்தவருக்கும் இப்படித்தான் ஆனது. மூன்றாவதாக ஒருவர் பாலும் குடித்தார், பிழைத்தும்விட்டார். ஆனால் பிழைத்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவன் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறான். செத்தவர்களைப் பற்றித்தான் லயத்தில் பேச்சு. டாக்டர் ரத்தத்தைப் பார்த்து ஆளைக் குறித்துவிடுகிறார், ஆயா பால் ஊற்றி அனுப்பிவிடுகிறாள் என்றார்கள். நான் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கும் அது ஒரு வகையில் வசதியாக இருந்தது, தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பாலைப் பார்த்ததும் ஏன் அழுகிறார்கள் என்று டாக்டர் கேட்டார். டிரெஸ்ஸர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று அப்புறம் கேட்டேன்.

"பாசக்காரங்கன்னு சொன்னேன்."

"உள்ளத சொல்லக்கூடாதாய்யா?"

"சொன்னா பால நிறுத்திப்புடுவாரு. அப்புறம் நம்மகிட்ட என்னா இருக்கு?"

அலமாரியை நானும் பார்த்திருந்தேன். சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் விழுந்தார். அவர் தோட்டத்து மாட்டு வண்டி ஓட்டி. ரப்பர்த் தகடுகளை ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போகிறவர். அன்றைக்குப் பாதி வழியில் வண்டியை நிறுத்திப் படுத்துவிட்டார். மாடுகளுக்கு எசமானன் போக்கு பிடிபடவில்லை போலிருக்கிறது, திரும்பித் தாமாகவே ஆஸ்பத்திரிப் பாதையில் வந்து நின்றன. நான் வாசலுக்கு ஓடினேன். தகடுகளுக்கு மேல் மல்லாந்து கிடந்தார். உதடு ஏற்கெனவே நிறம் மாறியிருந்தது. "மாட்ட அவுத்துத் தண்ணி காட்டு" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மனுஷனோடு சண்டை போடாத நாள் இல்லை. அன்றைக்கு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டு என்றதற்குப் "போய்க் காட்டுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் அவர் விரலில் குத்தினார். மேசைக்குப் போய்க் குனிந்தார். நான் சட்டிகளையெல்லாம் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது, நின்றது. வேறு ஒரு சொட்டு விட்டு மறுபடியும் எண்ணினார். இரண்டாவது தடவை உதடு சீக்கிரமே நின்றுவிட்டது. எண்ணுவதற்கு அதிகம் இல்லை என்று எனக்கே புரிந்தது.

"வராந்தா" என்றார் டாக்டர்.

சேதி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், என் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், ஒரு தடியோடு வந்து சேர்ந்தார். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். கப்பலில் தம்பியைக் கூட்டி வந்ததும் அவர்தான். நான் ஸ்பூனும் கிண்ணமுமாக நின்றதைப் பார்த்தார். கட்டிலுக்குக் குறுக்கே தடியை நீட்டினார்.

"இந்தாம்மா, என் தம்பிக்குப் பால் ஊத்துற வேல வேணாம்."

"மாமா, இது அந்தப் பால் இல்ல. தெம்புக்குக் குடுக்குறது."

"மேட்டு லயத்தான் தெம்பா எங்க போனான்?"

கட்டிலில் இருந்தவரைப் பார்த்தேன். "என்னங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீயே ஊத்த வந்திட்டியா?" என்றார்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பேச்சிலும் சண்டையிலும் நான் அவரிடம் தோற்றதே இல்லை. அந்த ஒரு கேள்வியில் தோற்றுப்போனேன். வார்டின் பின்பக்கம் போய்ச் சட்டிகளோடு உட்கார்ந்து அழுதேன்.

அன்று முழுக்க ஒன்றும் உள்ளே போகவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனேன், அதுவும் வெள்ளையாக இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெறும் தண்ணீரை மட்டும் அண்ணன் கையால் கொடுத்தால் குடித்தார். மறுநாள் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார், மறுபடி எண்ணினார். டிரெஸ்ஸரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். நான் டிரெஸ்ஸரை மருந்தறை வாசலில் மறித்துக்கொண்டேன்.

"இன்னும் எறங்கியிருக்கு" என்றார் அவர். "இந்த ரத்தத்த வச்சு டாக்டர் நம்பிக்கை சொல்ல மாட்டேங்கிறாரு. சாப்பாடும் உள்ள போகலேன்னா நாளைக்கே கூட…"

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சல் மேல், டாக்டர் மேல், மூத்தார் மேல், அந்த மைக்ரோஸ்கோப் மேல், எல்லாவற்றையும்விட அந்த மனுஷன் மேல். காய்ச்சலில் செத்தால் விதி என்று இருக்கலாம். வாயைத் திறக்காமல் செத்தார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சமையல் கொட்டகைக்குப் போனேன். பாலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றினேன். அது பளிச்சென்று வெள்ளையாக, இத்தனை நாளாக அந்த வராந்தாவையே மிரட்டிக்கொண்டிருந்த அதே நிறத்தில் இருந்தது. அடுப்பு ஓரத்தில் சமையல்காரரின் கோப்பித் தூள் டப்பா. வார்டுக்குள் கோப்பி, தேத்தண்ணி எதுவும் கொண்டுவரக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்கினேன். நிறம் மாறியது. இன்னொரு சிட்டிகை போட்டேன். ஸ்பூனை அங்கேயே போட்டுவிட்டு, மரத்தில் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கழுவி அதில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

மூத்தார் தடியோடு உட்கார்ந்திருந்தார். சிரட்டையை எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"கோப்பியா?"

"கோப்பிதான்."

"பால் இருக்கா இதுல?"

"இருக்கு மாமா. கடையில சீனன் ஊத்திக் குடுக்குற மாதிரி. அந்தக் கடையில கோப்பி குடிச்சு யாராச்சும் செத்திருக்காங்களா?"

அவர் நியாயமாக யோசித்தார். யோசித்தது முகத்தில் தெரிந்தது. இதுவரை அப்படி யாரும் இல்லை என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். தடியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். தம்பியின் தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "டேய், கோப்பிடா" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். நான் சிரட்டையை உதட்டருகே கொண்டுபோனேன். வாய் திறந்தது. ஒரு வாய் உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சீனி பத்தல" என்றார்.

என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அதைவிட நல்ல சேதி சொன்னதில்லை. "கெடைக்கிறத குடிங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பி ஓடிப்போய்ச் சீனி எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் வராந்தா வரிசை முழுக்கக் கோப்பி கேட்டது. டின் பால் முழுவதும் பழுப்பாகித்தான் வெளியே போனது. டாக்டர் ஒரு சிரட்டையை வாங்கிப் பார்த்தார், நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அப்போது பக்கத்துப் பாயில் கிடந்தவன் தானாகவே தலையைத் தூக்கி வாயைத் திறந்து காட்டினான். டாக்டர் சிரட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மைக்ரோஸ்கோப்புக்குப் போய்விட்டார்.

கோப்பி குடித்த எல்லாரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வரிசையில் இரண்டு பேர் கோப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். டாக்டர் எண்ணியது பொய்யில்லை. எண்ணிக்கை குறைந்தவர்களில்தான் அதிகம் பேர் போனார்கள், அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அவர்கள் பாயை நான்தான் கொளுத்தினேன். யாரை எமன் பார்த்து வைத்திருக்கிறான் என்று ரத்தம் சொன்னது. கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போவான் என்று அது சொல்லவில்லை. எங்கள் சனங்களும் டாக்டரும்தான் அதைக் கண்டிப்பு என்று கேட்டுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரரின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சில நாளில் ஏற ஆரம்பித்தன. டாக்டர் எண்ணி முடித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். வராந்தாக் காற்றுதான் காரணம் என்று டிரெஸ்ஸரிடம் சொன்னாராம். மூத்தார் தன் தடிதான் காரணம் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குக் குழாயடியில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

வண்டியை லாரி வந்து ஒழித்த பிறகு அவர் மாடுகளை விடவில்லை. பசு வாங்கினார். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிய காலத்தில் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பசுக்கள்தான். சைக்கிளில் செம்பைக் கட்டிக்கொண்டு துரை பங்களா, கணக்கெழுதும் கிராணி வீடு, சீனன் கடை என்று பால் ஊற்றினார். தான் மட்டும் ஒரு சொட்டு வெறும் பாலை வாயில் வைக்க மாட்டார். கோப்பியில் கலந்தால் லோட்டா லோட்டாவாகக் குடிப்பார். "பால்காரன் பால் குடிக்க மாட்டேங்கிறான், அப்ப அந்தப் பால்ல என்னா இருக்குன்னு தெரியல" என்று கிராணி கேலி பேசுவார். இவர் சிரித்துக்கொண்டே செம்பைச் சாய்ப்பார். வீட்டில் எப்போதாவது சண்டை முற்றினால், "பால் ஊத்த வந்தவதானே நீ" என்பார். அதற்கு நான் "குடிச்சவருதானே நீங்க" என்பேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தச் சண்டை இப்படியே ஓடியது. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்.

கடைசியில் நெஞ்சுச் சளிதான் அவரைக் கொண்டுபோனது. இந்தத் தடவை யாரும் விரலில் குத்தவில்லை. பழைய டிரெஸ்ஸருக்குப் பதிலாக வந்தவர் வீட்டுக்கே வந்து நாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். எனக்கே பார்த்தால் தெரிந்தது.

சாயங்காலம் சொந்தபந்தமெல்லாம் கூடிவிட்டது. மூத்தாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்து தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். எங்கள் பசுவின் பாலையே காய்ச்சி ஆற்றிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவராக ஸ்பூனில் எடுத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பேச்சு நின்று ஒரு நாள் ஆகிவிட்டது, ஆளைத் தெரிகிறதா என்றும் தெரியவில்லை. ஆனால் பல்லை மட்டும் கடித்துக்கொண்டார். பால் கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. "உசுரு எதையோ நெனச்சுக் கெடக்கு" என்று ஒரு பெண் சொன்னாள். "மண்ணைக் கரைச்சு ஊத்திப் பாருங்க" என்றாள் இன்னொருத்தி.

நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கோப்பித் தூள் டப்பாவை எடுத்தேன். திரும்பி வந்தபோது கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். "என்னாக்கா இது, கடைசிப் பால்ல போயி…" என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

மூத்தாருக்கு நிறம் தெரிந்திருக்காது. வாசனை தெரிந்திருக்கும். தம்பியின் தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

"விடுங்க அவள" என்றார். அப்புறம் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "சீனி போட்டியாம்மா?" என்று கேட்டார்.

"நெறைய போட்டிருக்கேன் மாமா."

அவர் குனிந்து தம்பியின் காதில், "டேய், கோப்பிடா" என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.